தண்ணீர் குடிக்கும் ஃபைபர் படகு

கடல் இல்லாத கொங்கு நாட்டில் படகுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், பூலாம்பட்டித் துறையில் ஒரு காலை நேரம் நின்று பார்க்கலாம். சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டியிலிருந்து ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டைக்குக் காவிரியைக் கடக்க விசைப்படகுதான் குறுக்கு வழி. ஆட்களோடு இருசக்கர வண்டிகளும் அதில் ஏறிக்கொள்கின்றன. மாயாற்றைப் பரிசலில் கடந்துதான் தெங்குமரஹாடாவுக்குப் போய்வந்தார்கள். பில்லூர் அணைப் பக்கம் பரளிக்காட்டில் வனத்துறை நடத்தும் பரிசல் சவாரிக்குக் கோவையிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கிளம்புகிறார்கள். மேட்டூர், பவானிசாகர் அணைகளில் மீன்பிடித்தே பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. மலையேறினால் ஏற்காடு ஏரியும் ஊட்டி ஏரியும் இருக்கின்றன. ஊட்டி ஏரியை 1820களில் வெட்டுவித்த ஜான் சல்லிவன், அப்போது கோயம்புத்தூர் கலெக்டர்.

இந்த நீர்நிலைகளில் மூங்கில் பரிசலுக்கும் மரப்படகுக்கும் பக்கத்தில் இப்போது ஃபைபர் வந்து நிற்கிறது. மிதிபடகு என்றால் ஃபைபர்தான். பரிசலே கூட ஃபைபரில் வார்க்கப்படுகிறது. துருப்பிடிக்காது, கரையான் தின்னாது என்று நம்பி வாங்குகிறார்கள். இரண்டும் உண்மை. ஆனால் அதோடு சேர்த்து, ‘பராமரிப்பே வேண்டாம்’ என்றும் நம்பிவிடுகிறார்கள். அங்கேதான் தவறு நேர்கிறது. ஃபைபர் படகு மெல்ல மெல்லத் தண்ணீர் குடிக்கும். அதுவும் கடலைவிட நம் ஆற்றிலும் அணையிலும் கூடுதலாகக் குடிக்கும்.

கண்ணாடி எப்படிப் படகாகிறது?

கீழே விழுந்தால் நொறுங்கும் கண்ணாடியை நம்பி எப்படித் தண்ணீரில் இறங்குவது? இதற்கு விடை 1920-21இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஏ.ஏ.கிரிஃபித் செய்த ஆய்வில் இருக்கிறது. கண்ணாடி எளிதில் உடைவதற்குக் காரணம், அதன் மேற்பரப்பில் உள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். அதையே உருக்கி மெல்லிய இழையாக இழுத்தால் அத்தகைய கீறல்களுக்கு இடம் குறைகிறது. இழை மெலிய மெலிய, அதன் பருமனுக்கு அது தாங்கும் இழுவிசை கூடுகிறது. படகுக்குப் பயன்படும் இழையின் தடிமன் சுமார் 10 முதல் 20 மைக்ரான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது.

இழையால் இழுவையைத்தான் தாங்க முடியும். தனியாக அது நிமிர்ந்து நிற்காது. அதை இறுக்கிப் பிடிக்க ஒரு பிசின் வேண்டும். பாலியெஸ்டர் ரெசின் அந்த வேலையைச் செய்கிறது. 1942இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ரே கிரீன் என்பவர் இந்த இரண்டையும் சேர்த்து ஒரு சிறிய பாய்மரப் படகைச் செய்தார். ஃபைபர் படகின் வரலாற்றை அங்கிருந்து தொடங்குவது வழக்கம். தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஃபைபர் படகு பெருவாரியாகப் பரவியது 2004 சுனாமிக்குப் பிறகு. நிவாரணமாக வந்த படகுகளில் மிகப் பல ஃபைபர் படகுகளே. கட்டுமரம் கண்ணெதிரே அருகிப்போனது.

படகைக் கட்டும்போது வேலை வெளியிலிருந்து உள்ளே போகிறது. முதலில் அச்சின் உட்புறம் மெழுகு தடவுவார்கள். அதன்மேல் ஜெல்கோட் என்ற நிறம் கலந்த ரெசின் பூச்சு, சுமார் அரை மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறும். அது இறுகியபின், துண்டு இழைகளைத் தாறுமாறாகப் பரப்பிய ‘மேட்’, தடித்த இழைக் கற்றைகளால் நெய்த ‘ரோவிங்’ இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்கி ரெசின் ஊற்றி ரோலரால் உருட்டுவார்கள். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு, இறுகியபின் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் தரும். அச்சிலிருந்து கழற்றியதும் நாம் பார்க்கும் பளபளப்பு முழுக்க அந்த அரை மில்லிமீட்டர் ஜெல்கோட்தான். படகின் காவலும் அதுதான்.

நல்ல தண்ணீர் செய்யும் வேலை

ஜெல்கோட் ஈரத்தை முழுதாகத் தடுத்துவிடுவதில்லை. மாதக்கணக்கில் மிதந்தே கிடக்கும் படகில் நீர் மூலக்கூறுகள் மெல்ல ஊடுருவி உள்ளே போகும். உள்ளே ரெசினில் வினைபுரியாமல் தங்கிவிட்ட வேதிப்பொருட்கள் சிறு சிறு குழிகளில் இருக்கும். நீர் அவற்றைக் கரைத்து அடர்ந்த கரைசலாக்குகிறது. வெளியே நீர்த்த திரவம், உள்ளே அடர்ந்த திரவம், நடுவே மெல்லிய தடுப்பு என்று அமைந்துவிட்டால் நீர் உள்ளே இழுக்கப்படும். பள்ளிக்கூடத்தில் படித்த சவ்வூடு பரவல் இதுதான். அழுத்தம் ஏறி ஜெல்கோட் கொப்பளமாக எழும்பும். கொப்பளத்தைக் குத்தினால் வினிகர் நெடியடிக்கும் புளித்த நீர் பீறிடும்.

கடல் நீரில் உப்பு கரைந்திருக்கிறது. அதனால் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள அடர்த்தி வேறுபாடு குறைவு, இழுவையும் குறைவு. காவிரியிலும் பவானியிலும் உப்பு மிகக் குறைவு. ஆகவே இழுவை அதிகம். வெதுவெதுப்பான நீர் இந்த வினையை இன்னும் விரைவுபடுத்தும். உப்புத் தண்ணீரை எதிர்த்து நிற்கும் படகு நல்ல தண்ணீரில் என்ன ஆகிவிடும் என்று எண்ணுவது, அறிவியலுக்கு நேர்மாறான எண்ணம்.

ஆகவே முதல் பராமரிப்புக்குக் காசு செலவில்லை. வேலை முடிந்ததும் படகைக் கரையேற்றுங்கள். மழைநீர் தேங்காமல் கவிழ்த்து வையுங்கள். தண்ணீரிலேயே கிடக்கும் படகைவிட அன்றாடம் காயும் படகு நீண்ட நாள் உழைக்கும். ஆனால் காய்வதற்கும் நிழல் வேண்டும். வெயிலின் புற ஊதாக்கதிர் ஜெல்கோட்டை அரித்துச் சுண்ணாம்புத் தூளாக உதிர வைக்கும். விரலால் தேய்க்கும்போது வெள்ளைப்பொடி ஒட்டினால் வாட்டர் பேப்பரால் தேய்த்து மெருகேற்றி மெழுகு பூச வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஓலைப் பந்தலோ ஒரு தார்ப்பாயோ போதும். இந்த வேலை பாதியாகக் குறையும்.

தட்டிப் பார்த்தால் தெரியும்

கொங்கு அணைகளில் இன்னொரு தொல்லை, ஏறி இறங்கும் நீர்மட்டம். 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையில் நீர் வற்றும்போது, பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடக்கும் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவது பலரும் அறிந்த காட்சி. அவற்றைப்போலப் பாறையும் அடிமரமும் எத்தனையோ, வெளியே தெரியாமல் ஒரு முழ ஆழத்தில் நிற்கின்றன. அடிவயிறு உரசி ஜெல்கோட் கீறினால் ஈரம் நேரே இழைக்குள் இறங்கும்.

கண்ணுக்குத் தெரியாத சேதத்தைக் காதால் கண்டுபிடிக்கலாம். சந்தையில் மண்பானையைத் தட்டி வாங்குவதுபோல, சுத்தியல் காம்பால் படகைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். ‘டணார்’ என்று கூர்மையாகக் கேட்டால் அடுக்குகள் ஒட்டியிருக்கின்றன. ‘தொப்’ என்று மந்தமாகக் கேட்டால் அடுக்கு பிரிந்திருக்கிறது, அல்லது ஈரம் தங்கியிருக்கிறது. எஞ்சின் மாட்டும் பின்பலகையை விட்டுவிடாதீர்கள். அதன் உள்ளே பெரும்பாலும் பிளைவுட் இருக்கும். போல்ட் துளை வழியே நீர் கசிந்தால் வெளியே ஃபைபர் நன்றாகத் தெரிய, உள்ளே பலகை மக்கிப்போகும். எஞ்சின் எடையில் பின்பலகை அசைந்தால் படகை ஓட்டக் கூடாது. போல்ட் துளை ஒவ்வொன்றையும் சீலன்ட் வைத்து அடைப்பதே இதற்குத் தடுப்பு.

ஒட்டுப் போடும் முறை

அடிபட்ட இடத்தில் மேலோட்டமாகப் பூசி மூடுவது ஒட்டு ஆகாது. உடைந்த இழைகளை கிரைண்டரால் நீக்கி, ஓட்டையின் விளிம்பைச் சுற்றிலும் நீண்ட சரிவாகத் தேய்க்க வேண்டும். கனத்தைப்போல் 12 மடங்கு அகலச் சரிவு என்பது நல்ல கணக்கு: 5 மில்லிமீட்டர் கனமான படகுக்கு எல்லாப் பக்கமும் 60 மில்லிமீட்டர். பழைய ரெசினோடு புதியது வேதியியலாகப் பிணைவது குறைவு. பசையாக ஒட்டித்தான் நிற்கிறது. ஒட்டும் பரப்பு அகலமானால்தான் பிடிப்பு வரும்.

அடுத்தது காய வைப்பது. அவசரக்காரர்கள் தோற்பது இங்கேதான். காய்ந்துவிட்டதா என்று பார்க்க எளிய வழி உண்டு: தெளிந்த பிளாஸ்டிக் தாள் ஒன்றை அந்த இடத்தில் வைத்து நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி, ஒரு பகல் ஒரு இரவு விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர் முத்து கட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது. கொப்பளம் வந்த படகென்றால் கொப்பளங்களைத் திறந்து, புளித்த நீர் போகும்வரை நல்ல நீரால் திரும்பத் திரும்பக் கழுவி, வாரக்கணக்கில் உலர்த்த வேண்டியிருக்கும்.

காய்ந்தபின் அசிட்டோனால் துடைத்து, அளவுக்கேற்ப வெட்டிய மேட் துண்டுகளை ரெசினில் நனைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். மேட்டின் எடையைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு ரெசின் போதும். ரெசின் கூடினால் பலம் கூடும் என்பது தப்புக்கணக்கு. பலம் இழையில் இருக்கிறது, கூடுதல் ரெசின் வெடிப்பைத்தான் தரும். அடுக்குக்கு அடுக்கு ரோலரால் உருட்டிக் காற்றுக் குமிழியை வெளியேற்றியாக வேண்டும். பழைய பாலியெஸ்டர் மேல் எபாக்சி நன்றாக ஒட்டும். இறுகிய எபாக்சி மேல் பாலியெஸ்டர் சரியாக ஒட்டாது. ஒருமுறை எபாக்சி போட்ட இடத்துக்கு அடுத்த முறையும் எபாக்சிதான்.

ரெசினை இறுக வைப்பது அதில் கலக்கும் கேட்டலிஸ்ட். ரெசின் எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதம், அதாவது கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். பல்லடத்துச் சித்திரை வெயிலில் இந்தக் கணக்கு உங்கள் கையை மீறிவிடும். வெப்பம் ஏற ஏற ரெசின் விரைவாக இறுகும். டப்பாவிலேயே கெட்டியாகிப் புகையும். வெயில் நாளில் கேட்டலிஸ்டைக் குறைத்து, சிறிது சிறிதாகக் கலந்து, காலையிலேயே வேலையை முடித்துவிட வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகளைப் பட்டறைச் சுவரிலேயே எழுதி வைக்கலாம். கேட்டலிஸ்டையும், ரெசின் இறுகுவதை விரைவுபடுத்தச் சேர்க்கும் கோபால்ட்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், வெடிக்கும். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகக்கூடும். கண்ணாடி அணியாமல் மூடியைத் திறக்காதீர்கள். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூளுக்கு முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் வேண்டும்.

தண்ணீரில் இறங்கும் முன்

ஃபைபர் என்றால் மிதக்கும் என்று நினைப்பவர்கள் பலர். இறுகிய ஃபைபர் தண்ணீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. நீர் நிறைந்தால் மூழ்கிவிடும். அதைத் தாங்குவது இருக்கைக்கு அடியிலும் முனையிலும் உள்ள காற்றறைகள் அல்லது நுரை அடைப்புதான். அறையைத் தட்டி, குலுக்கி, உள்ளே நீர் இருக்கிறதா என்று பாருங்கள். அடைப்புக்குத் தெர்மாகோல் வைத்து அதன்மேல் பாலியெஸ்டர் ரெசினை ஊற்றிவிடாதீர்கள். ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். அதற்குப் பாலியூரித்தேன் நுரையே பொருத்தம்.

படகு எந்தப் பொருளில் ஆனதென்றாலும் ஆட்கள் ஒரு பக்கம் சாய்ந்தால் கவிழும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ என்ற படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். எடை ஒரே பக்கம் திரண்டால் என்ன நேரும் என்பதற்கு அதைவிடக் கொடிய பாடம் வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொள்வது, அணியாததற்குச் சமம்.

நம் பக்கத்துக்கு ஒரு தனிக்குறிப்பும் உண்டு. வைகாசி தொடங்கி ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று உடுமலை, பல்லடம் காற்றாலைகளைச் சுழற்றுவதோடு நிற்பதில்லை. ஆழியாறு போன்ற அணைப்பரப்புகளில் அலையையும் எழுப்புகிறது. காலைத் தண்ணீர் அமைதியாக இருக்கும். மதியத்துக்குமேல் காற்று ஏறும். சவாரியின் முழு மகிழ்ச்சியும் வேண்டுமென்றால் விடிந்ததும் இறங்கி, வெயில் ஏறுமுன் கரை சேருங்கள். மீன்கொத்தியும் நீர்க்காகமும் இரை தேடும் நேரமும் அதுவே.

மக்காத பொருளின் கணக்கு

அந்தக் காற்றாலை இறக்கைகளும் கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்தவைதான். திருப்பூர் சாயக்கழிவு சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. சவ்வைச் சுமக்கும் குழாய்களும் அதே இனம். ஆகவே மேட்டையும் ரெசினையும் கையாளத் தெரிந்த தொழிலாளிகளைத் தேடி நாம் கடற்கரைக்குப் போக வேண்டியதில்லை. தொட்டி வார்க்கும் பட்டறைகள் பக்கத்திலேயே உண்டு.

பழுதுபார்ப்பதற்கு இன்னும் வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. மூங்கில் பரிசல் சில ஆண்டுகளில் நைந்தால் அதன் மூங்கில் மண்ணோடு மண்ணாகும். ஃபைபர் அப்படிப் போகாது. ஒருமுறை இறுகிய ரெசினை உருக்கி மறுபடி வார்க்க முடியாது. எரித்தால் நச்சுப் புகை, உடைத்துப் போட்டால் அணைக்கரையில் அப்படியே கிடக்கும். மக்காது என்று பெருமையாக வாங்கிய குணமே படகு கழிந்தபின் சுமையாகிறது. ஆகவே, ஒட்டுப் போட்டு இன்னும் பத்தாண்டு ஓட்டுகிற ஒவ்வொரு படகும், கரையில் குவியாத ஒரு குப்பை.

அதற்கான பருவத்தை நம் அணைகளே வகுத்துத் தருகின்றன. மாசியிலும் பங்குனியிலும் நீர் இறங்கும், காற்றில் ஈரமும் குறைவு. படகைக் கரையேற்ற, தட்டிப் பார்க்க, உலர்த்த, ஒட்ட அதுவே நேரம். தென்மேற்குப் பருவமழையில் காவிரியும் பவானியும் பெருகி ஆடி பதினெட்டு வருவதற்குள் ஜெல்கோட் இறுகியிருக்க வேண்டும்.