தோலுக்கு அடியில் ஓர் ஒற்றன்!

உங்கள் இடது புஜத்தைக் கொஞ்சம் பாருங்கள். சின்னதாக, வட்டமாக ஒரு தழும்பு தெரிகிறதா? குழந்தையாக இருந்தபோது போட்ட பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது. காச நோய்க்கான தடுப்பூசி.

பல தடுப்பூசிகளைச் சதையில் ஆழமாகப் போடுவார்கள். இதை நர்ஸம்மா ஊசியைப் படுக்கவைத்து, தோலுக்குள்ளேயே சின்னக் கொப்புளம் எழும்பும்படி போடுவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த இடத்தில் யார் காத்திருக்கிறார்கள் தெரியுமா?

'டென்ட்ரிடிக் செல்' என்னும் ஒற்றர்கள்! மரக்கிளை மாதிரி கைகளை நீட்டிக்கொண்டிருப்பதால் இந்தப் பெயர். 1973-ல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஸ்டைன்மன் கண்டுபிடித்தார். 2011-ல் அதற்கு நோபல் பரிசு. பாவம், அறிவிப்பு வருவதற்கு மூன்று நாள் முன்புதான் அவர் காலமாகியிருந்தார்.

ஒற்றனின் வேலை

உள்ளே நுழையும் கிருமியை இந்தச் செல் விழுங்கித் துண்டு துண்டாக்கும். பிறகு பக்கத்து நிணநீர் முடிச்சுக்குப் போய், அங்குள்ள 'டி' செல்களிடம் அந்தத் துண்டைக் காட்டும். "இவன்தான் திருடன், முகத்தை நன்றாகப் பார்த்துக்கொள்" என்று சொல்வது மாதிரி! கையில் ஊசி போட்டால் முடிச்சு அக்குளில். அதனால்தான் சில குழந்தைகளுக்கு அக்குளில் சின்னதாக நெறி கட்டுகிறது.

நம்ம ஊர் சொன்ன பாடம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாசகர்களுக்கு இந்த ஊசியோடு ஒரு தனி உறவு உண்டு. ஆவடியில் மின்சார ரயில் ஏறினால் சுமார் அரை மணியில் வரும் திருவள்ளூர் வட்டாரத்தில், 1968-ல் உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. ஆய்வு தொடங்கியது. அப்போது அது செங்கல்பட்டு மாவட்டம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, சிலருக்கு பி.சி.ஜி.யும் சிலருக்கு வெறும் திரவமும் போட்டு, 15 வருடம் கண்காணித்தது. முடிவு? பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை இந்த ஊசி தடுக்கவில்லை!

அப்படியானால் குழந்தைக்கு எதற்கு என்கிறீர்களா? பச்சிளம் பிள்ளைகளின் மூளைச்சவ்வைத் தாக்கும் காசத்திலிருந்தும், உடம்பு முழுக்கப் பரவும் காசத்திலிருந்தும் அது காக்கிறது. உயிர் காக்கும் ஊசி அது, தவற விடக்கூடாது.

குரங்குகள் காட்டிய வழி

அதே மருந்தை வேறு வழியில் கொடுத்தால்? அமெரிக்க ஆய்வாளர்கள் ரீசஸ் குரங்குகளிடம் சோதித்தார்கள். எலியைவிடக் குரங்கின் எதிர்ப்புச் சக்தி நம்முடையதற்கு நெருக்கமானது. காசமும் நமக்கு வருவது போலவே அதற்கு வரும். பி.சி.ஜி.யை அதிக அளவில் நேராக ரத்தக் குழாயில் ஏற்றி, ஆறு மாதம் கழித்துக் காசக் கிருமியைக் கொடுத்தார்கள். 10 குரங்குகளில் 9 நன்றாகத் தப்பின. நுரையீரலில் 'டி' செல்கள் ஏராளமாகச் சேர்ந்திருந்தன. 2020-ல் வெளிவந்த முடிவு இது. பாடம் எந்த வழியாகப் போகிறது என்பதும் முக்கியம் என்று புரிந்தது. ஆனால் மனிதர்களுக்கு அப்படிப் போடும் வழக்கம் இல்லை. வீட்டில் யாரும் ஆசைப்பட வேண்டாம்!

ஒற்றனையே ஊசி மருந்தாக்கியவர்களும் உண்டு. ழான்-மரி ஆந்த்ரியூ, வே லூ குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், எய்ட்ஸ் போன்ற நோயுள்ள 10 குரங்குகளின் ரத்தத்திலிருந்தே டென்ட்ரிடிக் செல்களை வளர்த்து, செயலிழக்கச் செய்த வைரஸை அவற்றுக்குக் காட்டி, திரும்பச் செலுத்தினார்கள். ரத்தத்தில் வைரஸ் வெகுவாகக் குறைந்தது. அடுத்த வருடம் பிரேசிலில் 18 பேருக்குச் செய்து பார்த்தபோதும் குறைந்தது, ஒழியவில்லை. எச்.ஐ.வி.க்குத் தினசரி மாத்திரை நம்பிக்கையான சிகிச்சை. "ஒரே ஊசியில் குணம்" என்று யாராவது சொன்னால், மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் கவனிக்க...

* பிறந்தவுடன் பி.சி.ஜி. போடுங்கள். தவறினால் ஒரு வயதுக்குள் போட்டுவிடலாம்.

* சில வாரம் கழித்து அந்த இடம் தடித்து, சீழ் கோத்து, தானே ஆறும். பிதுக்க வேண்டாம், மஞ்சளும் களிம்பும் வேண்டாம்.

* அக்குள் கட்டி பெரிதானாலோ உடைந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

* தழும்பு விழவில்லையே என்று மறுபடி ஊசி போடத் தேவையில்லை.

* பெரியவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? சாயங்காலக் காய்ச்சலா? எடை குறைகிறதா? "எனக்குத்தான் தழும்பு இருக்கிறதே" என்று சும்மா இருக்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

தழும்பு குழந்தைக்குக் கவசம். பெரியவர்களுக்கு, காலத்தில் செய்த பரிசோதனைதான் கவசம்.