கேஸ் கீசரை எங்கே மாட்டுவது?



குளிர் காலத்தில் சுபுஹு நேரத்துக்கு வெந்நீர் வேண்டுமென்று பலர் கேஸ் கீசர் வாங்குகிறார்கள். நல்ல வசதிதான். ஆனால் மாட்டும் இடம் தவறினால் உயிருக்கே ஆபத்து.

கேஸ் எரியக் காற்று வேண்டும். காற்று போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவை அடைத்துக் குளிப்பவர் கூப்பிடக்கூட முடியாமல் மயங்கி விழுந்துவிடுவார். ஆகவே குளியலறைக்குள் ஒருபோதும் மாட்டாதீர்கள். வெளிச்சுவரில், மழை படாத இடத்தில் மாட்டி, குழாய் வழியே வெந்நீரை உள்ளே கொண்டு வாருங்கள்.

கார் ஷெட்டில் மாட்டுவதானால் இன்னொரு கவனம் தேவை. பெட்ரோல் ஆவியும் சிலிண்டர் கேஸும் காற்றைவிடக் கனமானவை, தரையோடு தங்கும். எனவே கீசரை வண்டி இடிக்காத சுவரில், நெஞ்சு உயரத்தில் மாட்டுங்கள். மூடிய ஷெட்டாக இருந்தால், மேலும் கீழும் காற்றுத் துவாரங்களும் புகையை வெளியேற்றும் குழாயும் கட்டாயம். பெட்ரோல் கேன், தின்னர் அங்கே வேண்டாம்.

தெரிந்த மெக்கானிக்கை வைத்தே மாட்டுங்கள். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் நிறுத்திவிடுங்கள்.

கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள். தலைவலி, மயக்கம், வாந்தி வந்தவரைக் காற்றோட்டத்துக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள்.

வாடகை வீட்டில் ஏற்கெனவே குளியலறைக்குள் கீசர் இருந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லி மாற்றச் செய்யுங்கள். அதுவரை அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள்.