கோட்டுக்கு அந்தப் பக்கம்

மாலை வேளையில் கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்தில் சற்று நேரம் நின்றால் திருப்பதி செல்லும் பஸ் ஒன்றாவது வந்து நிற்கும். ஏறுவோரும் இறங்குவோரும் பேசுவதில் எது தமிழ், எது தெலுங்கு என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரும். ஆனால் பஸ் புறப்பட்டுப் போனதும் டீக்கடைப் பெஞ்சில் யாராவது ஒருவர் தொடங்குவார்: "அந்தப் பக்கத்துக்காரங்க சோத்துக்கு மிளகாய் தொட்டுக்கறதில்லை சார், மிளகாய்க்குச் சோறு தொட்டுக்கறாங்க!" எல்லாரும் சிரிப்பார்கள். திருத்தணியைத் தாண்டி நகரியில் இறங்கி ஓர் ஓட்டலில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சின் மறுபாதியும் காதில் விழும். "அரவவாள்ளு"க்குச் சாம்பார் ஊற்றினால் போதும், கையை விட்டுக் காசு வராது, தம் மொழியைத் தவிர வேறு மொழி காதில் ஏறாது என்பார்கள். அங்கும் சிரிப்புத்தான். 'அரவ' என்பது தெலுங்கில் தமிழைக் குறிக்கும் சொல். நம் பக்கத்திலும் அவர்களுக்கு ஒரு கேலிப் பெயர் உண்டு. அது வாசகர்கள் அறிந்ததே.

இந்த 'அந்தப் பக்கம்' எவ்வளவு பழையது? 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது திருத்தணியும் நகரியும் அதற்குள்ளேயே இருந்தன. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது இரண்டும் சேர்ந்தே அங்கே போயின. பிறகு எல்லைப் போராட்டமும் படாஸ்கர் பரிந்துரையும் வந்து, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து மலையேறுவோரில் பலரின் வேண்டுதல் இன்றும் தெலுங்கில்தான். திருத்தணியில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணனை இரு பக்கத்தாரும் தம்மவர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். கேலி செய்யும்போது மட்டும் கோடு நினைவுக்கு வந்துவிடுகிறது.

இது நமக்கு மட்டும் உள்ள குணம் என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே குறுகலான இடத்தில் கடலின் அகலம் சுமார் 33 கிலோமீட்டர். அந்தக் கரையிலிருப்பவர்களை ஆங்கிலேயர் 'தவளைகள்' என்பார்கள், தவளைக்கால் தின்பவர்களாம். பதிலுக்குப் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயருக்கு வைத்த பெயர் 'வறுத்த மாட்டிறைச்சி'. சொல்லிக்கொள்ளாமல் நழுவுவதை ஆங்கிலத்தில் 'பிரெஞ்சு விடுப்பு' என்று சொல்வது நம் மாணவர்களுக்கும் தெரியும். அதே செயலைப் பிரெஞ்சு மொழியில் 'ஆங்கிலேய பாணியில் நழுவுவது' என்கிறார்கள். வேடிக்கை இன்னொன்று. 2013இல் இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகே அகழ்ந்தபோது, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதர் சுட்டுத் தின்ற தேரைக் கால் எலும்பு ஒன்று அகப்பட்டது. தவளைக்கால் தின்பதில் முந்திக்கொண்டது யார் என்று அப்போது பத்திரிகைகள் நன்றாகக் கேலி செய்தன.

எப்போதும் வெறும் கேலியாகவே இருந்துவிடவில்லை. கடலுக்கடியில் சுரங்கப் பாதை தோண்டும் வேலை தொடங்கிய பின்னும், அதன் வழியே பிரெஞ்சுப் படை வந்துவிடும் என்ற அச்சத்தால் 1882இல் இங்கிலாந்து அதை நிறுத்தியது. பாதை திறக்க 1994 ஆயிற்று. பிரான்சும் சளைக்கவில்லை. உலக நேரத்துக்குத் தொடக்கக் கோடு எது என்று முடிவு செய்ய 1884இல் வாஷிங்டனில் நாடுகள் கூடின. கிரீன்விச்சுக்குப் பெரும்பான்மை வாக்கு விழுந்தது. பிரான்சு வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. கடைசியில் 1911இல் அதை ஏற்றபோதும் கிரீன்விச் என்ற பெயர் சட்டத்தில் வரவில்லை. 'பாரிஸ் சராசரி நேரத்துக்கு 9 நிமிடம் 21 விநாடி பின்தங்கிய நேரம்' என்று எழுதினார்கள்! கடிகாரத்தில் இரண்டும் ஒன்றுதான் என்பது யாருக்குத் தெரியாது?

அப்படியானால் ஆங்கிலேயர் உண்மையில் பிரெஞ்சுக்காரரை எப்படிக் காண்கிறார்கள்? வாயில் வருவது ஒன்று, வாழ்வில் நடப்பது ஒன்று. மாட்டையும் ஆட்டையும் தொழுவத்தில் ஆங்கிலப் பெயரால் அழைப்பார்கள். அதே இறைச்சி மேசைக்கு வந்ததும் பிரெஞ்சிலிருந்து வந்த பெயரால் அழைப்பார்கள். அவர்களுடைய சமையலையும் மதுவையும் நாகரிகத்தையும் மனத்துக்குள் மெச்சியபடியே, 'கர்வம் பிடித்தவர்கள், எப்போது பார்த்தாலும் வேலைநிறுத்தம்' என்று குறை சொல்வார்கள். 1940 ஜூனில் பிரான்சு வீழும் தறுவாயில், இரு நாடுகளையும் ஒரே நாடாக்கிவிடலாம் என்று முன்வந்தது சர்ச்சிலின் அரசேதான். விஞ்ஞானத்திலும் இதைக் காணலாம். 1868இல் நம் குண்டூருக்கு வந்து முழுச் சூரிய கிரகணத்தைப் பார்த்த பிரெஞ்சுக்காரர் ஜான்சென், கிரகணம் இல்லாத நாளிலும் சூரியனின் விளிம்புச் சுடர்களைக் காணும் வழியைக் கண்டார். இங்கிலாந்தில் லாக்கியர் அதே வழியைத் தனியாகக் கண்டார். பிரெஞ்சு அரசு 1872இல் வெளியிட்ட பதக்கத்தில் இருவர் முகமும் அருகருகே இருக்கின்றன. சொல்லப்போனால் 1884இல் வாஷிங்டனில் கிரீன்விச் வேண்டாம் என்று வாதிட்டவரும் இதே ஜான்சென்தான்.

அவர்களுக்கு மலையளவாகத் தெரிந்த இந்த வேறுபாடு நம் முன்னோர் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வந்தவாசியில் 1760இல் இருவரும் பீரங்கி வைத்துச் சண்டையிட்டபோதும் ஊரார் வாயில் இருவருமே பறங்கியர். இதே போலத்தான் டில்லிக்குப் போனால் நகரிக்காரரும் திருத்தணிக்காரரும் சேர்ந்தே 'மதராஸி' ஆகிவிடுகிறோம். தொலைநோக்கியில் பிரிதிறன் என்று படித்திருப்பீர்கள். தொலைவிலிருந்து பார்த்தால் இரட்டை விண்மீன் ஒற்றையாய்த் தெரிவதில் வியப்பில்லை. வியப்பு மறுபக்கத்தில் இருக்கிறது. பக்கத்திலிருந்து பார்ப்பவனுக்கு வேறுபாடு உள்ளபடி தெரியாமல், உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிவது ஏன்?

இதை அளந்து பார்த்தவர் ஹென்றி டாஜ்ஃபெல். அவருடைய வாழ்க்கையே இக்கேள்விக்கு ஒரு முன்னுரை. 1919இல் போலந்தில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். படிக்கப் பிரான்சு சென்று, போர் வந்தபோது பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, 1940இல் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். யூதர் என்பதை மறைக்கவில்லை; போலந்துக்காரர் என்பதை மறைத்தார். பிரெஞ்சு யூதராகவே இருந்ததால் உயிர் பிழைத்தார். போர் முடிந்து திரும்பியபோது அவர் குடும்பத்தில் ஏறக்குறைய எவரும் உயிரோடு இல்லை. ஒரு மனிதன்மேல் ஒட்டப்படும் ஓர் அடையாளச் சீட்டு எவ்வளவு கனமானது என்று அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பின்னர் இங்கிலாந்தில் குடியேறி, பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1982இல் மறைந்தார்.

1963இல் அவரும் வில்க்ஸ் என்பவரும் வெளியிட்ட சோதனையில் மனிதர்களைப் பற்றிய பேச்சே கிடையாது. வெறும் எட்டுக் கோடுகள்தாம். மிகச் சிறியது 16.2 செ.மீ.; அடுத்தடுத்த கோடு ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சுமார் 5 சதவீதம் நீளம். கடைசிக் கோடு 22.8 செ.மீ. ஒவ்வொன்றாகக் காட்டி, அளவுகோல் இல்லாமல் கண்ணால் பார்த்து நீளத்தைச் சொல்லச் சொன்னார்கள். ஒரு குழுவினருக்குக் காட்டியபோது சிறிய நான்கு கோடுகளின்மேல் 'ஏ' என்றும் பெரிய நான்கின்மேல் 'பி' என்றும் எழுதியிருந்தது. இன்னொரு குழுவுக்கு எழுத்துகளைத் தாறுமாறாக மாற்றிப் போட்டார்கள். மூன்றாவது குழுவுக்கு எழுத்தே இல்லை.

நான்காவது கோடு சுமார் 18.8 செ.மீ.; ஐந்தாவது சுமார் 19.7. வேறுபாடு ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. ஆனால் நான்காவது 'ஏ' இனத்தின் கடைசிக் கோடு, ஐந்தாவது 'பி' இனத்தின் முதல் கோடு. முதல் குழுவினர் இந்த இரண்டுக்கும் நடுவேயுள்ள இடைவெளியைத் தெளிவாக மிகைப்படுத்திச் சொன்னார்கள். மற்ற இரு குழுவினரிடமும் அந்த மிகை காணப்படவில்லை. ஒரே எழுத்துள்ள கோடுகள் ஒன்றுபோலவே தெரியும் என்றும் எதிர்பார்த்திருந்தார்கள். அது அவ்வளவு தெளிவாக வரவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த எழுத்து இல்லாத வேறுபாட்டை உண்டாக்கிவிடவில்லை. 'பி' கோடுகள் உண்மையாகவே நீளமானவை. அதே போலக் குண்டூர்ச் சமையலில் காரம் அதிகம் என்பதும் பொய்யன்று. ஆனால் குண்டூர் எட்டாவது கோடு. நகரி ஐந்தாவது, திருத்தணி நான்காவது. நகரியில் தறியில் உட்கார்ந்திருப்பவரின் உணவும் பேச்சும் பள்ளிப்பட்டில் தறியில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் மிக நெருக்கம். எழுத்து மாறும் இடம் அவர்களுக்கு நடுவே அமைந்துவிட்டதால், எங்கே வேறுபாடு மிகக் குறைவோ அங்கேயே அது மிகப் பெரிதாகத் தெரிகிறது.

இதை நான் நூலில் படிப்பதற்கு முன்பே ஒரு மாணவரிடம் கற்றிருக்க வேண்டும். ஆசிரியப் பணிக்கு வந்த இரண்டாம் ஆண்டு. தனி ஊசல் சோதனையின் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்திக் கொடுத்திருந்தேன். எல்லைக்கு அப்பாலிருந்து வந்து படித்த மாணவர் ஒருவர், தெலுங்கு வீட்டுப் பிள்ளை, தம் நோட்டையும் நண்பனின் நோட்டையும் என் மேசைமேல் விரித்து வைத்தார். "சார், ரெண்டையும் ஒரு தடவை பாருங்க" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. இருவரும் ஊசலின் நீளத்தோடு குண்டின் ஆரத்தைச் சேர்க்க மறந்திருந்தார்கள். தவறு ஒன்றே. நண்பனின் நோட்டில் சிவப்பு மையில் 'கவனம்' என்று எழுதி 8 மதிப்பெண் போட்டிருந்தேன். இவருடையதில் 'அடிப்படை புரியவில்லை' என்று எழுதி 6 போட்டிருந்தேன். மதிப்பெண்ணைத் திருத்திவிட்டேன். ஆனால் அந்த இரண்டு சொற்றொடர்களும் என் கையெழுத்தில்தானே இருந்தன? மாணவர்களுக்கு முறைப்பிழை என்றால் என்னவென்று ஆண்டுதோறும் நடத்துகிறவன் நான். எத்தனை முறை அளந்து சராசரி எடுத்தாலும் நீங்காத பிழை அது, கருவியிலேயே உட்கார்ந்திருப்பது. அன்று கருவி நான். அதன்பின் நோட்டுகளை மேலட்டையைப் பின்னுக்கு மடித்துவைத்தே திருத்துகிறேன். பெயர் கண்ணில் படுவது மதிப்பெண் போட்ட பிறகுதான்.

பண்பு என்பது காரத்தைப் போலச் சோதிக்கக்கூடியதா என்றும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2005இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வில் 49 பண்பாடுகளைச் சேர்ந்தவர்களிடம், 'உங்கள் நாட்டவர் பொதுவாக எப்படிப்பட்டவர்?' என்று கேட்டார்கள். பிறரைப் பற்றி அன்று, தம்மைப் பற்றியே. அந்த விடைகளை, தனித்தனி மனிதரின் குணத்தை மதிப்பிட்டுக் கிடைத்த சராசரியோடு ஒப்பிட்டபோது இரண்டும் பொருந்தவில்லை. தம் இனத்தைப் பற்றிய எடைபோடலே இப்படி என்றால், பக்கத்து இனத்தைப் பற்றியது எம்மாத்திரம்!

கோட்டுச் சோதனைக்குப் பின்னாளில் ஒரு நல்ல தொடர்ச்சி கிடைத்தது. 2002இல் கோர்னேயும் துணைவர்களும் அதைப் பெல்ஜியத்தாரிடமும் அமெரிக்கரிடமும் திரும்பச் செய்தார்கள். பெல்ஜியத்தாருக்குப் பழகியது சென்டிமீட்டர், அமெரிக்கருக்கு அங்குலம். பழகிய அளவில் சொன்னதைவிடப் பழகாத அளவில் நீளத்தைச் சொன்னபோதுதான் எழுத்தின் செல்வாக்கு ஓங்கியது. கையில் சொந்த அளவு இல்லாதவன், ஒட்டியிருக்கும் சீட்டைப் பிடித்துக்கொள்கிறான். நகரிக்காரரோடு ஒரே தறிக்கூடத்தில் பத்து ஆண்டு வேலை செய்தவருக்கு ஒவ்வொருவரையும் அளக்க வேறு கோல் இருக்கிறது. பஸ்ஸில் மட்டும் பார்த்தவருக்கு இல்லை.

நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். எட்டுத் தாள்களில் 16.2, 17.0, 17.9, 18.8, 19.7, 20.7, 21.7, 22.8 செ.மீ. கோடுகளை வரையுங்கள். இப்படி இரண்டு கட்டுகள் வேண்டும். ஒன்றில் சிறிய நான்கில் 'அ', பெரிய நான்கில் 'ஆ' என்று எழுதுங்கள்; மற்றதை எழுத்தின்றி விடுங்கள். தாள்களைக் கலைத்து, ஒவ்வொன்றாகக் காட்டி, எழுத்துள்ள கட்டைச் சில நண்பர்களிடமும் எழுத்தில்லாததை வேறு சில நண்பர்களிடமும் கேளுங்கள். நீளத்தைச் சென்டிமீட்டரில் கேட்க வேண்டாம். அங்குலத்திலோ, விரற்கடையிலோ சொல்லச் சொல்லுங்கள். எதற்காகச் செய்கிறீர்கள் என்பதை எல்லாரும் விடை சொல்லி முடிக்கும்வரை சொல்லிவிடாதீர்கள். ஒருவர் விடையை மட்டும் வைத்து ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு கட்டுக்கும் பத்துப் பேராவது வேண்டும். பிறகு நான்காவது கோட்டுக்கும் ஐந்தாவது கோட்டுக்கும் உள்ள இடைவெளியை மட்டும் இரு கட்டிலும் சராசரி எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.