பாடுவோர் மறைவும் கேட்போர் துயரும்

ஒரு பாடகர் காலமானார் என்று செய்தி வருகிறது. அவரை வாழ்நாளில் ஒருமுறையேனும் நேரிற் கண்டிராத மக்கள், செய்துகொண்டிருந்த வேலையை விட்டு வீதிக்கு வருகின்றனர், விளக்கேற்றுகின்றனர், தாயையோ தமையனையோ இழந்தவர்போல் அழுகின்றனர். இதனைக் காணும் பெரியோர் சிலர், "உறவும் இல்லை, அறிமுகமும் இல்லை, இவர்களுக்கு எதற்கு இந்த அழுகை?" என்று வினவுவது உண்டு. நியாயமான வினாவே அது. இத்துயரம் எதனால் எழுகிறது, இதனால் விளையும் பயன் யாது என்பதைச் சற்று ஆராய்வோம். நிலப்பரப்பிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலால் பிரிக்கப்பட்டு, இந்த அந்தமான் தீவுகளில் வாழும் நமக்கு இவ்வாராய்ச்சியிலிருந்து கிடைக்கும் பாடம் ஒன்று உண்டு.

துயரைப் பாட்டாக்குவது தமிழருக்குப் புதிதன்று. தலைவன் இறந்தபின் அவனைச் சார்ந்தோர் செயலற்று நின்று வருந்திப் பாடுவதைக் கையறுநிலை என்று நம் முன்னோர் ஒரு துறையாகவே வகுத்தனர். பறம்புமலைத் தலைவனாகிய பாரி மாய்ந்தபின் கபிலர் பாடிய பாடல்களைப் புறநானூற்றிற் காண்கிறோம். அக்காலத்தில் பாடியவர் புலவரும் பாணரும். பாடப்பெற்றவர் மன்னரும் வள்ளலும். இக்காலத்திலோ அம்முறை தலைகீழாகிவிட்டது. பாடியவர் போய்விட, கேட்டவர் கையற்று நிற்கின்றனர்.

இம்மாற்றத்திற்கு ஒலிபரப்பே பெருங்காரணம். முற்காலத்தில் பாட்டுக் கேட்க வேண்டுமாயின், பாடுபவர் இருக்குமிடத்திற்குக் கேட்பவர் செல்லவேண்டும். இசைத்தட்டும் வானொலியும் வந்தபின், பாடுபவரின் குரல் நம் அடுப்பங்கரைக்கே வந்தது. தாய் சோறு வடிக்கும்போதும், தந்தை முகம் மழிக்கும்போதும், குழந்தை பாடம் எழுதும்போதும் அக்குரல் உடனிருந்தது. இவ்வாறு ஒருபுறமாக வளரும் நெருக்கத்தைப்பற்றி 1956-இல் டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் ஒரு கட்டுரை எழுதினர். ஒலிபரப்பில் தோன்றுவோரை நாம் நண்பராக அறிகிறோம், ஆனால் அவர் நம்மை அறியார் என்பது அவர்கள் விளக்கிய உண்மை. நண்பர் நம்மை அறியாதிருப்பதால் நட்பு பொய்யாகிவிடாது, பிரிவும் பொய்யாகிவிடாது.

மற்றொரு காரணம் நினைவின் இயல்பிலே இருக்கிறது. சுமார் பத்து வயது முதல் முப்பது வயது வரையில் நாம் கேட்ட பாடல்கள் ஏனைய காலத்துப் பாடல்களினும் ஆழமாகப் பதிகின்றன என்று உளநூல் அறிஞர் கண்டிருக்கின்றனர். முதல் வேலை, முதல் காதல், முதற் கப்பற்பயணம் ஆகியவற்றோடு ஒரு பாட்டும் சேர்ந்தே மனத்தில் உறைகிறது. ஆகவே பாடகர் மறையும்போது, அவரோடு பிணைந்த நம் இளமையும் ஒருமுறை நம்மிடம் விடைபெற்றுப் போகிறது. அழுபவர் பாதி அவருக்காகவும் பாதி தமக்காகவும் அழுகின்றனர் என்று சொன்னால் மிகையாகாது.

இனி, புதுமை செய்யும் பாடகரைப்பற்றிச் சிறிது கூறவேண்டும். 1950-களில் அமெரிக்காவில் தோன்றி, மின்கிதாரையும் முரசுத்தொகுதியையும் ஆதாரமாகக் கொண்டு வளர்ந்தது ராக் இசை. அதிலும் ஒரு சிலர் வகுத்த வழியிலேயே செல்ல உடன்படாமல், வேற்றிசைகளைக் கலந்தும், வேடங்களை மாற்றியும், கேட்போர் எதிர்பாராத ஒலிகளைச் சேர்த்தும் சோதனை செய்தனர். அவர்களுள் முதன்மையானவர் 1947-இல் லண்டனிற் பிறந்த டேவிட் போவி. தம் 69-ஆம் பிறந்தநாளாகிய 2016 ஜனவரி 8-ஆம் நாளன்று அவர் 'பிளாக்ஸ்டார்' என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டார். இரண்டு நாள் கழித்துப் புற்றுநோயால் இறந்தார். நோயை அவர் உலகுக்கு அறிவிக்கவே இல்லை. தாம் ஆவலோடு கேட்டுக்கொண்டிருந்த புதிய பாடல்கள் விடைபெறும் பாடல்கள் என்பதை ரசிகர்கள் அப்போதுதான் உணர்ந்தனர். அவர் பிறந்த பிரிக்ஸ்டன் பகுதியில் சுவரோவியம் ஒன்றின் முன் மலர்கள் குவிந்தன. செய்தி வந்த அன்று மாலையே பெருந்திரளான மக்கள் அங்கே கூடி, அவர் பாடல்களைப் பாடினர்.

இத்தகைய பாடகரின் ரசிகர் நிலை சற்றுத் தனியானது. ஊரெல்லாம் விரும்பும் பாட்டை விரும்புபவருக்குத் துணை எங்கும் உண்டு. புதுமையை விரும்புபவரோ, "இதென்ன பாட்டு?" என்று வீட்டாரே கேட்க, தனியே அமர்ந்து கேட்டவர். அப்பாடகர் மறைந்த நாளில்தான் தம்மைப்போல் தனித்திருந்தோர் பலர் என்பதை அவர் அறிகிறார். துயரம் அவர்களை முதன்முதலாக ஓரிடத்தில் சேர்க்கிறது.

நம் நாட்டில் அண்மையில் நிகழ்ந்த பெருந்துயரம் அசாம் மாநிலத்துப் பாடகர் சுபீன் கர்க் மறைந்தபோது கண்டது. 1972-இல் மேகாலயத்தின் துரா நகரிற் பிறந்த அவருக்கு, இசைக்குழுவை நடத்தும் மேதை சுபின் மேத்தாவின் பெயரையே வைத்தனர். 1992-இல் வெளிவந்த 'அனாமிகா' தொகுப்பால் புகழ் பெற்றார். அசாமிய நாட்டுப்பாடலின் உயிரை விடாமல் அதனை ராக் இசையின் வேகத்தோடு இணைத்தார். பல மொழிகளிற் பாடினார். தோலும் தோதாராவும் கிதாரும் அவர் கையில் ஒன்றாகவே இசைந்தன. 2002-இல் தம் தங்கையைச் சாலை விபத்தில் இழந்தபோது, அவள் நினைவாக ஒரு பாடல் தொகுப்பையே வெளியிட்டார். துயரத்தைப் பாட்டாக்கும் வழியை அவரே ரசிகர்களுக்குக் காட்டியிருந்தார் எனலாம்.

2025 செப்டம்பர் 19-ஆம் நாள் சிங்கப்பூரில் ஒரு தீவின் அருகே கடலில் நீந்தச் சென்ற அவர் உயிருடன் திரும்பவில்லை. உடல் குவாஹாத்தி வந்தபோது சாலையின் இருமருங்கும் மக்கள் கடலென நின்றனர். விளையாட்டரங்கில் வைக்கப்பட்ட அவர் உடலைக் காண இரவு பகலாக வரிசை நீண்டது. செப்டம்பர் 23-ஆம் நாள் கமார்குச்சியில் அரசு மரியாதையோடு எரியூட்டப்பட்டது. தாம் இறக்கும்போது 'மாயாபினி' என்னும் தம் பாடலை மக்கள் பாடவேண்டும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அதனை நினைவிற் கொண்டு, தெருவிலும் திடலிலும் சிதையருகிலும் மக்கள் அப்பாடலைச் சேர்ந்து பாடினர். கற்றவரும் கல்லாதவரும், பல சமயத்தவரும் ஒரே பாட்டின் அடிகளை அறிந்திருந்தனர். அவர் குரலோடு அதே ஆண்டு அக்டோபர் 31-இல் வெளிவந்த அவரது கடைசித் திரைப்படத்தைக் காண, விடியுமுன்னரே அரங்குகளில் மக்கள் கூடினர்.

இறுதி ஊர்வலத்திற்குச் செல்ல வாய்ப்பில்லாதவர் என்செய்வர்? இதுவே தீவுவாசிகளாகிய நம் நிலை. சென்னைக்குக் கப்பலிற் செல்வதாயின் மூன்று நாள் அளவில் ஆகும். அதற்குள் சிதை ஆறிவிடும். ஆகவே நம் துயரம் என்றும் செவிவழித் துயரமே. 1963-இல் இங்கே வானொலி நிலையம் தோன்றிய பின்னர், நிலப்பரப்பின் குரல்கள் அதன் வழியே நம் இல்லம் வந்தன. 2020 ஆகஸ்ட் 10-ஆம் நாள் சென்னையிலிருந்து இத்தீவுகளுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பித்தடம் திறக்கப்பட்டது. அந்நாட்களில் எஸ். பி. பாலசுப்பிரமணியம் கொரோனா நோயுற்றுச் சென்னை மருத்துவமனையில் இருந்தார். அவர் நலம்பெற வேண்டி ஆகஸ்ட் 20-ஆம் நாள் மாலை 6 மணிக்கு, திரையுலகினரின் அழைப்பை ஏற்று, ரசிகர்கள் தத்தம் இடத்திலிருந்தே அவர் பாடல்களை ஒலிக்கச் செய்தனர். செப்டம்பர் 25-இல் அவர் காலமானார். மறுநாள் தாமரைப்பாக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார். நோய்த்தொற்றினால் ஊரடங்கிய அக்காலத்தில் நிலப்பரப்பில் இருந்தோரும் பெரும்பாலும் நம்மைப்போலவே ஆயினர். வீட்டுக்குள் இருந்தபடி பாட்டைக் கேட்பதொன்றே அனைவருக்கும் வாய்த்த அஞ்சலி.

துயரம் எப்போதும் நல்வழியிலேயே செல்லும் என்று நாம் கூறவில்லை. கன்னட மக்களின் நடிகரும் பாடகருமான ராஜ்குமார் 2006 ஏப்ரல் 12-இல் மறைந்தபோது பெங்களூரில் கலவரம் மூண்டது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அதே ராஜ்குமாரின் கண்கள் அவர் விருப்பப்படி தானமாயின. 2021-இல் அவர் மகன் புனீத் மறைந்து, அவர் கண்களும் தானமானபோது, கண்தானம் செய்ய முன்வந்த ரசிகர் தொகை பெருகியது. ஒரே குடும்பம், ஒரே நகரம். ஒருமுறை துயரம் கல்லெறிந்தது, மறுமுறை கண் கொடுத்தது. எவ்வழியில் அதனைச் செலுத்துவது என்பது துயருறுவோர் கையில் இருக்கிறது.

நாம் வாழும் இத்தீவுகளின் தொல்குடியினர் துயரத்தை எவ்வாறு செலுத்தினர் என்பதும் அறியத்தக்கது. ராட்கிளிஃப்-பிரவுன் என்னும் ஆங்கில மானிடவியலார் 1906 முதல் 1908 வரையில் இங்கே தங்கி ஆராய்ந்தார். 1922-இல் அவர் நூல் வெளிவந்தது. அந்தமானியருள் ஒருவர் இறந்தால் நெருங்கிய உறவினர் உடலெங்கும் களிமண் பூசிக்கொள்வர். துக்கக்காலம் முடியும்வரை ஆடார். இறந்தவர் பெயரையும் உச்சரியார். அக்காலம் முடிந்ததும் களிமண்ணைக் களைந்து, எல்லாரும் கூடி அழுது, பின்னர் பாட்டோடு ஆடுவர். அந்த ஆட்டமே துக்கம் முடிந்ததற்கு அடையாளம். துயரத்தைத் தனியே சுமக்கத் தொடங்கியவர், ஊரோடு பாடி அதனை இறக்கிவைத்தார்.

ஆனால் சேர்ந்து பாட ஊரே இல்லாமற் போனால்? அவ்வாறும் இங்கே நிகழ்ந்திருக்கிறது. பெரிய அந்தமானியர் எனப்படும் மக்கள் முன்னாளில் பத்துக் குழுவினராய்ப் பத்து மொழி பேசி வாழ்ந்தனர். 1858-இல் ஆங்கிலேயர் கைதிக் குடியிருப்பை அமைத்தபின், நோயாலும் மோதலாலும் அவர்கள் தொகை வெகுவாகக் குறைந்தது. அவர்களுள் போ என்னும் மொழியை அறிந்த கடைசி மனிதர் போவா என்னும் மூதாட்டி. பெற்றோர் மறைந்தபின், அம்மொழியிற் பேச ஒருவரும் இன்றிப் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். மற்றவரோடு பேச இந்தி கற்றார்; தம் மொழியைப் பறவைகளிடம் பேசினார். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்கும் தப்பினார். மொழியியல் பேராசிரியர் அன்விதா அப்பி அவருடைய சொற்களையும் பாடல்களையும் ஒலிப்பதிவு செய்தார். 2010 ஜனவரி 26-ஆம் நாள், சுமார் 85 வயதில் போவா காலமானார். உலகெங்கும் நாளிதழ்கள் அச்செய்தியை வெளியிட்டன.

சுபீனின் சிதையருகே பெருந்திரளானோர் அவர் பாட்டைத் திருப்பிப் பாடினர். போவாவின் பாட்டைத் திருப்பிப் பாடி அழ, அம்மொழி அறிந்த ஒருவரும் இல்லை. இருவர் குரலும் பதிவாகி இருக்கின்றன, வேண்டும்போது கேட்கலாம். எனினும் முன்னது இன்னும் பாட்டு, பின்னது ஒலிச்சான்று. இந்த வேற்றுமையை உண்டாக்குவது கருவி அன்று, கேட்கும் மக்கள். அடியும் பொருளும் அறிந்து உடன்பாட ஒருவர் உள்ளவரையில் பாட்டு வாழ்கிறது.

ஆகவே ரசிகர் கூடி அழுவதும் பாடுவதும் வீண் ஆரவாரம் என்று தள்ளற்க. இறந்தவர் பாட்டை இருப்பவர் வாய்க்கு மாற்றும் காரியம் அக்கூட்டத்திலேதான் நடைபெறுகிறது. அங்கே தந்தை தோளிலமர்ந்து கேட்ட குழந்தை நாளை அப்பாட்டைத் தானே பாடும்.

நம் தீவுகளிலே தமிழும் வங்காளமும் தெலுங்கும் மலையாளமும் இந்தியும் நிக்கோபாரியமும் அண்டை வீடுகளில் ஒலிக்கின்றன. ஒவ்வொரு வீட்டிலும் புகழ்பெறாத பாடகர் ஒருவர் இருக்கிறார்: தாலாட்டு அறிந்த பாட்டி, கப்பலில் வந்தபோது பாடிய பாட்டை இன்னும் மறவாத தாத்தா, ஒப்பாரி சொல்லி ஊரையே அழவைத்த அத்தை. அவர்கள் மறைந்தபின் மலர் வைப்பது நன்று. அவர்கள் இருக்கும்போதே அருகமர்ந்து, பேரக்குழந்தைகளையும் அமர்த்தி, ஒரு பாட்டையேனும் கற்றுக்கொள்வது அதனினும் நன்று. பதிவு செய்தால் குரல் நிற்கும். கற்றுக்கொண்டால் பாட்டே நிற்கும்.