ஒரு நாளைக்கு வேண்டிய வேகம்

விவாகமாயினும் மரணமாயினும், யாழ்ப்பாணக் குடாநாட்டு வீடொன்றின் சடங்குக்கு இக்காலத்தில் இரண்டு பந்தல்கள் வேண்டியிருக்கின்றன. ஒன்று முற்றத்தில் போடப்படுவது. மற்றையது ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வாழும் பிள்ளைகளுக்காக இணையத்தில் போடப்படுவது. இங்கே காலை 10 மணிக்கு முகூர்த்தமென்றால், கோடைகாலத்து ரொறன்ரோவில் நள்ளிரவு கடந்து 12.30 மணி. கண்விழித்துக் காத்திருக்கும் தமக்கைக்குத் தாலி கட்டும் வேளையிற் படம் அசைவற்று நின்றுவிட்டால், பின்னர் ஒளிப்பதிவைப் பார்த்தாவது மனம் ஆறலாம். தகப்பனாரின் முகத்தைக் கடைசிமுறை காணவிருந்த மகளுக்கு என்ன ஆறுதல் சொல்வது? 2020 மார்ச்சில் மூடப்பட்ட கட்டுநாயக்க விமான நிலையம், வழமையான பயணிகளுக்கு 2021 சனவரியிலேயே மீளத் திறந்தது. அந்த மாதங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு இந்தச் சிறிய திரையே படலையாயிற்று. அதனூடாகவே பெற்றோரை வழியனுப்பினார்கள்.

மாதம் முழுவதும் வேண்டாத வேகம் இவ்வாறு ஒரு நாளைக்கு, சிலவேளை ஒரேயொரு மணி நேரத்துக்கு, வேண்டியதாகிறது. அதை மட்டும் தனியே பெற முடியுமா? கண்ணாடியிழை இணைப்புள்ள வீட்டைப் பொறுத்தவரை இது பெரிய காரியமன்று. அங்கே ஒரு வீட்டின் வேகம் என்பது நிறுவனத்தின் கணினியிற் குறிக்கப்பட்ட ஓர் எண்ணே. எண்ணை மாற்றினால் வேகம் மாறும். ஏணியோடு ஆள் வரவேண்டியதில்லை. அமெரிக்காவில் கொம்காஸ்ட் நிறுவனம் 2006 அளவில் ‘பவர்பூஸ்ட்’ என்றொரு வசதியைக் கொடுத்தது. ஒரு கோப்பை இறக்கத் தொடங்கும்போது, கம்பியில் இடமிருந்தால், முதற் பகுதி மட்டும் வாங்கிய வேகத்திலும் விரைவாக வந்து சேரும். பழைய செப்புக் கம்பிக்கு இந்த வித்தை செல்லாது. தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு தூரமாகத் தூரமாக வேகம் குறையும். எத்தனை ரூபா கொடுத்தாலும் அந்தத் தூரம் குறையப் போவதில்லை.

நம் நாட்டில் இன்னொரு சங்கதியும் உண்டு. இங்கு விற்கப்படும் பல திட்டங்களில் மாதத்துக்கு இவ்வளவு ஜிகாபைற் என்று ஓர் அளவு இருக்கிறது. அது தீர்ந்ததும் வேகம் நத்தை நடைக்கு இறங்கிவிடும். சிறீலங்கா ரெலிகொம் ‘எக்ஸ்ட்ரா ஜிபி’ என்ற பெயரில் விற்றுவந்தது இந்த அளவைத்தான். அதை வாங்கினால் இழந்த வேகம் திரும்பும். புதிய வேகம் வராது. இந்த வேறுபாட்டை அறியாமல், அளவு தீராதபோதே மேலும் அளவு வாங்கிவிட்டு, “காசு கட்டியும் வேகம் கூடவில்லை” என்று முறையிடுவோர் பலர்.

மாலை 7 மணி கழிந்தபின் ஏற்படும் தளர்ச்சி வேறு வகை. நம் முன்னோர் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கையும் வழி வாய்க்கால் பங்கையும் எழுதி வைத்தார்களன்றோ? ஒரு கிணற்றில் பலருக்குப் பங்கிருக்கும். ஆனால் இன்றைக்கு ஒருவர் இறைப்பு, நாளைக்கு மற்றவர் இறைப்பு என்று முறையும் இருக்கும். கண்ணாடியிழையும் பங்குக் கிணறுதான். பரவலாகப் பயன்படும் ஜிபொன் முறையில், வினாடிக்கு ஏறத்தாழ 2,500 மெகாபிற் செல்லும் ஓர் இழையை 32 வீடுகளோ 64 வீடுகளோ பகிர்ந்துகொள்கின்றன. முறை மட்டும் இல்லை. எல்லாரும் இராச் சாப்பாட்டு வேளையிலேயே இறைக்கிறார்கள். கூடுதல் வேகம் வாங்குவது நமது வாய்க்காலை அகலமாக்குவது. கிணறு வற்றும் வேளையில் அகன்ற வாய்க்காலால் என்ன பயன்?

இனி, பலரும் கவனியாத விடயத்துக்கு வருவோம். விளம்பரத்தில் பெரிதாகப் போடப்படும் எண், வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் வேகம். சடங்கை வெளிநாட்டுக்குக் காட்ட வேண்டுவதோ வீட்டிலிருந்து வெளியே செல்லும் வேகம். ஏடிஎஸ்எல் எனப்படும் செப்புக்கம்பி இணைப்பில் இது பெரும்பாலும் 1 மெகாபிற்றைச் சுற்றியே நிற்கும். தெளிவான நேரலைக்கு 4 மெகாபிற்றாவது தடையின்றி வெளியே செல்ல வேண்டும். ஆகவே, கூடுதல் வேகம் தருகிறோம் என்று எவரேனும் சொன்னால், “வெளியே செல்லும் வேகமும் கூடுமா?” என்று முதலிற் கேளுங்கள். பிள்ளைகள் கடல் கடந்து வாழும் இந்தக் குடாநாட்டுக்கு, இந்த வேகத்தை ஒருநாள் விலைக்குக் கொடுக்கும் ஏற்பாடே எல்லாவற்றிலும் பயனுள்ளது என்பது நமது துணிபு.

மாணாக்கர்க்கு ஒரு வார்த்தை. இணைய வகுப்புக்கு 3 அல்லது 4 மெகாபிற் தாராளமாகப் போதும். வகுப்பு தடைப்பட்டால், அதே வேளையில் தம்பியின் கைப்பேசி விளையாட்டொன்றை இறக்குகிறதா என்று பாருங்கள். 8 பிற் சேர்ந்ததே ஒரு பைற் ஆதலால், 100 மெகாபிற் இணைப்பிற் கோப்பொன்று வினாடிக்கு 12.5 மெகாபைற்றுக்கு மேல் இறங்காது. அது குறைபாடன்று, கணக்கு.

பெரும்பாலான வீடுகளில் வேகம் வாசல்வரை வந்து உள்ளேதான் தொலைகிறது. நாற்சார் வீட்டின் தடித்த சுண்ணக்கற் சுவர்கள் வெயிலைத் தடுப்பது போலவே வைஃபை அலையையும் தடுக்கின்றன. ரவுட்டர் முன்விறாந்தை மூலையில். ஒளிப்பதிவுக் கருவியோ முற்றத்துப் பந்தலில். போதாததற்கு, வந்திருக்கும் விருந்தினர் அனைவருடைய கைப்பேசிகளும் அதே அலையிற் தொங்குகின்றன. அன்றைக்கு மட்டும் கடவுச்சொல்லை மாற்றி, ரவுட்டரிலிருந்து நேரே ஒரு கம்பியைப் பந்தலுக்கு இழுத்துவிட்டால், எவரிடமும் வாங்காமலே வேகம் கிடைக்கும். சிலநூறு ரூபாக் கம்பி செய்வதைச் சில ஆயிரம் ரூபாத் திட்டம் செய்யாத வீடுகள் உண்டு.

சிம் அட்டையில் இயங்கும் 4ஜி ரவுட்டராயின், கோபுரம் இருக்கும் பக்கத்து யன்னலடியில் வைத்துப் பாருங்கள். மரணவீட்டில் இவற்றுக்கெல்லாம் ஆறியிருக்க நேரமிராது. வேறொரு நிறுவனத்துச் சிம் உள்ள கைப்பேசியொன்றை மின்னேற்றித் தயாராக வைத்திருந்தால் அதுவே போதும். விவாகமாயின் அவகாசமுண்டு. முதல்நாளே முகூர்த்த வேளையில், கருவி நிற்கப்போகும் அதே இடத்திலிருந்து ரொறன்ரோவிலுள்ள ஒருவருக்கு அரைமணி நேரம் படம் அனுப்பிப் பாருங்கள். அங்கே நித்திரை கெடப்போகிறவரும் அவர்தானே, மறுக்கமாட்டார்.