தாத்தாவின் இரயில் வண்டி



பத்து காஜா வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பலர், சிறு வயதில் காலிப் பால் டின்களைக் கயிற்றில் கோத்து, கூவென்று கூவிக்கொண்டே 'இரயில்' இழுத்திருப்பார்கள். வேலை, குடும்பம், பிள்ளைகளின் படிப்பு என்று வந்த பிறகு அந்த ஆசை ஒதுங்கிவிடுகிறது. ஆனால் அழிந்துபோவதில்லை. ஓய்வு பெற்ற காலத்தில் அது திரும்பி வந்தால் வெட்கப்பட வேண்டாம்.

ஜெர்மனியைச் சேர்ந்த பிரெடெரிக் பிரவுன், 2000ஆம் ஆண்டில் சூரிக் நகரில் பொம்மை இரயில் கடை ஒன்றைக் கண்டார். சிறு வயது ஆசை திரும்பியது. உடனே தம் இரட்டைச் சகோதரர் கெரிட்டைத் தொலைபேசியில் அழைத்தார். 2001இல் ஹாம்பர்க் நகரில் அவர்கள் தொடங்கிய மாதிரி இரயில் காட்சி இன்று உலகப் புகழ் பெற்றுள்ளது.

நமக்கு அவ்வளவு செலவு வேண்டாம். அட்டை, கத்தரிக்கோல், பசை, அடிக்கோல் போதும். முக்கியமானது விகிதம். 1 மீட்டரை 2 சென்டிமீட்டராகக் கொள்ளுங்கள். அசலில் ஐம்பதில் ஒரு பங்கு. நம் நாட்டு இரயில் பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே 1 மீட்டர் இடைவெளி உண்டு. மாதிரியில் அது 2 சென்டிமீட்டர். 20 மீட்டர் நீளமான பெட்டி 40 சென்டிமீட்டர் ஆகும். கதவு, சன்னல், ஸ்டேஷன் கூரை எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். கூட உட்கார்ந்து வெட்டும் பேரப்பிள்ளைக்கு விகிதக் கணக்கும் தானே விளங்கிவிடும்.

எந்த இரயிலைச் செய்வது? நம் நாட்டின் முதல் இரயில் பாதை 1885 ஜூன் 1ஆம் நாள், இதே பேராக்கில், தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. சுமார் 13 கிலோமீட்டர் நீளம். இன்று அந்தத் தண்டவாளம் இல்லை. கோலா செப்பத்தாங் என்று பெயர் மாறிவிட்ட அவ்வூரில், தமிழிலும் பெயர் எழுதிய பழைய ஸ்டேஷன் பலகை நிற்கிறது. 1957இல் பெரிய டீசல் எஞ்சின்கள் ஓடத் தொடங்கின. 2010இல் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே விரைவு மின்சார இரயில் வந்தது.

இன்றைய பிள்ளைகள் பத்து காஜாவில் காண்பது மின்சார இரயிலைத்தான். நீராவி எஞ்சினின் மூச்சையும் கரியையும் அறிந்தவர்கள் வீட்டுப் பெரியவர்களே. ஆகவே தாத்தாக்களே, அட்டையை ஒட்டும்போது வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள். எஞ்சினுக்கு எங்கே தண்ணீர் நிரப்பினார்கள், யார் கொடி காட்டினார்கள், தோட்டத்திலிருந்து ஸ்டேஷனுக்கு எப்படிப் போனீர்கள் என்று சொல்லுங்கள். பிள்ளைகளே, அதைப் பெட்டியின் அடியில் எழுதி வையுங்கள். அட்டை வண்டி சில ஆண்டுகளில் கிழிந்துபோகலாம். கேட்ட செய்தி உங்களிடம் இருக்கும்.