தலைவன் பெயர் சிதைந்த கல்: வைகைப் படுகை நடுகற்களும் ஆங்கிலோ-சாக்சன் வீரப்பாடல்களும்

சங்க இலக்கியத்தை வீரயுக இலக்கியமாக நோக்கும் முறையைத் தமிழாய்வில் நிலைநிறுத்தியவர் க. கைலாசபதி. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டுதலில் அவர் செய்த ஆய்வு 1968இல் நூலாக வெளிவந்தது. அதன் பின்புலத்தில் எச். எம். சாட்விக் 1912இல் எழுதிய வீரயுகம் பற்றிய நூல் உண்டு. கிரேக்கக் காப்பியங்களையும் பெவுல்ஃப் முதலான ஜெர்மானிய மரபுப் பாடல்களையும் ஒருங்கே வைத்து, அவற்றை ஒரே வகைச் சமூகத்தின் வெளிப்பாடாகச் சாட்விக் கண்டார். தலைவனும் அவனைச் சூழ்ந்த வீரர் குழுவும், கொடையும் அதற்கு ஈடாகத் தரப்படும் உயிரும் அச்சமூகத்தின் அச்சாகக் கொள்ளப்பட்டன.

இம்மாதிரி புறநானூற்றுக்குப் பெருமளவு பொருந்துகிறது. ஆயின் அது பாணரும் புலவரும் அரசவை சார்ந்து பாடிய பாடல்களிலிருந்து பெறப்பட்டது. வீரனுக்கு அவனைச் சார்ந்தோரே நட்ட கல் இதே செய்தியைச் சொல்கிறதா என்று கேட்கப் போதிய தொல்கல்வெட்டுச் சான்று கைலாசபதியின் காலத்தில் இல்லை. அவர் 1982இல் மறைந்தார். தமிழியில் எழுதப்பட்ட புலிமான்கோம்பை நடுகற்கள் 2006இல்தான் வெளிப்பட்டன.

ஆங்கிலோ-சாக்சன் பாடல்களில் தலைவன்-வீரர் உறவு எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு மால்டன் போர்ப் பாடல் சிறந்த சான்று. 991ஆம் ஆண்டு எசெக்ஸ் பகுதித் தலைவன் பிர்த்நோத், கடல்வழி வந்த வைக்கிங் படையை எதிர்த்து மாண்டான். பாடலின் முற்பகுதியும் பிற்பகுதியும் இழக்கப்பட்டுவிட்டன. எஞ்சிய சுவடியும் 1731ஆம் ஆண்டுத் தீவிபத்தில் அழிய, அதற்கு முன் எடுக்கப்பட்ட படியே இன்று உள்ளது. தலைவன் வீழ்ந்ததும் பாடல் முடிந்துவிடுவதில்லை. அதன் உயிர்ப்பகுதி அங்குதான் தொடங்குகிறது. காட்ரிக் என்பவன் தலைவனுடைய குதிரையிலேயே ஏறி ஓடுகிறான். குதிரையைக் கண்டோர் தலைவனே பின்வாங்குவதாக எண்ணிச் சிதறுகின்றனர். எஞ்சியோர் ஒருவர்பின் ஒருவராக எழுந்து, மதுவருந்திய மண்டபத்தில் உரைத்த வஞ்சினத்தை நினைவூட்டி மடிகின்றனர். துன்னெரே என்னும் எளிய குடியானவனும் அவர்களுள் ஒருவன். அவனும் தன் ஊரையோ மனையையோ கூறவில்லை, தலைவனுக்காகப் பழிதீர்ப்பதையே கூறுகிறான். பெவுல்ஃபிலும் இதே நெறியைக் காணலாம். நாகத்துடன் நிகழ்ந்த இறுதிப் போரில் விக்லாஃப் ஒருவனே துணைநிற்கிறான். காட்டுக்குள் ஓடிய பதின்மரை நோக்கி, பெற்ற படைக்கலங்களை நினைவூட்டி அவன் இடித்துரைக்கிறான். தமிழ் மரபில் செஞ்சோற்றுக்கடன் எனப்படுவது அங்கு மதுவின் கடனாகவும் பொன்வளையத்தின் கடனாகவும் உருக்கொண்டுள்ளது.

இப்பின்னணியில் புலிமான்கோம்பைக் கல்லைப் படிக்கும்போது ஒரு வேறுபாடு உடனே தென்படுகிறது. தேனி மாவட்டம் ஆண்டிபட்டிப் பகுதியில் கிடைத்த மூன்று பொறிப்புகளுள் ஒன்று ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’ எனப் படிக்கப்பட்டுள்ளது. அது ஓர் ஊரையும் ஒரு மனிதனையும் ஓர் ஆகோளையும் மட்டுமே குறிக்கிறது. வேந்தன் இல்லை, அவன் ஆட்சியாண்டும் இல்லை. அந்தவன் ஆநிரை கவர்ந்தவனா, மீட்டவனா என்பதைக்கூடக் கல் தெளிவாக்கவில்லை. கூடல் ஊர் கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூரா என்பது தனி விவாதம். காலத்தை கி.மு. 4ஆம் நூற்றாண்டுவரை கொண்டுசெல்வோரும் பின்தள்ளுவோரும் உளர். எவ்வாறாயினும், மாண்டவனை நினைவில் நிறுத்த அவனுடைய ஊரும் செயலும் போதும் எனக் கல் நட்டோர் கருதியுள்ளனர்.

இலக்கண மரபு இதை எவ்வாறு எதிர்கொண்டது என்பது கவனத்திற்குரியது. தொல்காப்பியம் வெட்சியை வேந்தனால் ஏவப்பட்ட வீரரின் செயலாகவே வரையறுக்கிறது. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையோ வெட்சியை மன்னுறு தொழில், தன்னுறு தொழில் என இரண்டாகப் பகுத்து, அரசன் ஏவாமலே வீரன் தானே மேற்கொள்ளும் ஆகோளுக்கும் இடம் தருகிறது. காலத்தால் பிந்திய இவ்விலக்கணம் புதிதாக எழுந்த ஒன்றை வகுத்தது என்று கொள்வதைவிட, நெடுநாளாக வழக்கிலிருந்த ஒன்றை ஏற்றது என்று கொள்வதே பொருத்தம். மேய்ச்சல் நிலமே செல்வமாக இருந்த மலையடிவாரச் சமவெளியில், பக்கத்து ஊரின் நிரையைக் கவர வேந்தனின் ஆணை எப்போதும் தேவைப்பட்டிருக்காது.

பல்லவர் காலச் செங்கம் நடுகற்களில் நிலை மாறியுள்ளது. இரா. நாகசாமி 1972இல் பதிப்பித்த அக்கற்களில் அரசனின் ஆட்சியாண்டு முதலில் வருகிறது. அடுத்து வட்டாரத் தலைவன். அவனுடைய சேவகன் என்ற அடையோடுதான் இறந்தவன் பெயர் இடம்பெறுகிறது. எடுத்தனூர்க் கல்லில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு குறிக்கப்பட்டுள்ளது. அதிலேயே கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயும் பெயர் பெற்றிருக்கிறது. மால்டன் பாடகன் குடியானவனுக்குப் பேச்சளித்தான். தொண்டைநாட்டார் நாய்க்கும் கல்லில் இடமளித்தனர். எனினும் இரண்டிடத்தும் தலைவனின் பெயர் முன்நிற்கிறது. ஆங்கிலோ-சாக்சன் பாடல்களோடு நெருங்கி ஒப்பிடத்தக்கவை இக்கற்களே.

அவ்வாறாயின், தலைவனற்ற ஊர்வீரம் முன்னது, தலைவனைச் சார்ந்த வீரம் பின்னது என்று வளர்ச்சிக்கோடு வரைந்துவிடலாமா? திண்டுக்கல் மாவட்டத்துத் தாதப்பட்டிக் கல் அதற்கு இடம் தரவில்லை. தமிழியில் அமைந்த அக்கல்லின் எஞ்சிய பகுதி ‘ன் அடிஓன் பாகல் பாளிய் கல்’ எனப் படிக்கப்படுகிறது. அடியோன் என்ற சொல் சார்பைக் குறிப்பது. பாகல் பாளி எவனோ ஒருவனுக்கு அடியவனாக இருந்துள்ளான். அந்த ஒருவனின் பெயர் இருந்திருக்க வேண்டிய முன்பகுதி சிதைந்து, இறுதி னகர ஒற்று மட்டும் நிற்கிறது. அவன் வேந்தனா, வேளா, ஊர்க்கிழவனா என்று அந்த ஓர் எழுத்தைக் கொண்டு கூற இயலாது. ஆனால் ஒரே வைகைப் படுகையில், ஏறத்தாழ ஒரே எழுத்து வடிவில், ஊரைச் சொல்லி நட்ட கல்லும் ஆண்டானைச் சொல்லி நட்ட கல்லும் உள்ளன என்பது உறுதி. கைலாசபதியின் மாதிரி தாதப்பட்டிக்குப் பொருந்தும். புலிமான்கோம்பைக்கு அதை நீட்டுவதற்குக் கல்லில் சான்றில்லை.